இடைவேளை வரை பத்மரேகா

மன்னவனூர்
22-6-1958

பழனியாண்டவர் துணை.

அக்கா சண்முகவள்ளிக்கும் மச்சான் ஞானவேல் அவர்களுக்கும் தம்பி குமாரவேல் வணங்கிச் சொல்ல, சம்சாரம் வேலுத்தாய் எழுதும் கடிதம். மழையும் குளிரும் தவிர இங்கே குறையொன்றும் இல்லை. மச்சானுக்கு இருமல் நின்றதா? அடிவாரத்துக் கடையில் வியாபாரம் எப்படி?

அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு அப்படியே உன் மூக்கு. 'அது நல்லதா கெட்டதா' என்று எழுதுகிறவள் கேட்கிறாள். நான் சொல்வதை மட்டும் எழுது என்று அதட்ட வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடக் கற்றதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். வருகிற கடிதத்தை வாசிக்கவும் இவள்தான், போகிற கடிதத்தை எழுதவும் இவள்தான்.

பிள்ளைக்குப் பேர் முடிவு செய்துவிட்டோம். பத்மரேகா. சினிமாப் பேர்தான், வையாதே. நம் பையன் ஐந்து மாதக் குழந்தையாகப் போனபிறகு ஒரு வருசம் இவள் சிரிக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுதத்தான் வேண்டும் என்றேன்.) போன ஐப்பசியில் மரியசூசையின் லாரியில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனபோது இவளையும் கூட்டிப்போய் மத்தியான ஆட்டம் காட்டினேன். அதில் பத்மரேகா என்று ஒரு மலைஜாதிப் பெண். காட்டில் கிடந்த ராஜாவின் குழந்தையை எடுத்து, ஆட்டுப்பால் கொடுத்து, சிப்பாய்கள் கண்ணில் படாமல் வைக்கோலுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாள். இவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். 'பொம்பளப் பிள்ள பெறந்தா இந்தப் பேருதான்' என்றாள். போதாதா?

முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிறோம். அப்பனோடு பிறந்த அத்தை வந்து பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணி தொட்டுவைத்து, காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். உன்னை விட்டால் வேறே அத்தை எனக்கு ஏது? மச்சானையும் இழுத்துக்கொண்டு வந்துவிடு.

தம்பி,
குமாரவேல்

மதினி, கம்பளி கொண்டு வாருங்கள். குளிர் அதிகம். — வேலுத்தாய்


பழனி
3-7-1958

செல்வத் தம்பி குமாரவேலுக்கும் வேலுத்தாய்க்கும் அக்கா சண்முகவள்ளி ஆசீர்வாதம். உன் மச்சான் நலம். இருமல் இருக்கிறது, அது இல்லாவிட்டால் அவர் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

கடிதம் வந்த அன்றைக்கே படியேறி அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பிள்ளை நூறு வயசு இருக்கட்டும். வேலுத்தாய்க்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடு. பச்சைத் தண்ணியில் கை வைக்க விடாதே.

முப்பதாம் நாளுக்கு வரலாமென்றுதான் நினைத்தேன். கணக்குப் பார்த்தால் ஆடி பிறக்கிற நேரமாக இருக்கிறது. எதற்கு அவசரம்? ஆவணியில் பார்க்கலாம். பேரையும் அதற்குள் நிதானமாக யோசியுங்கள். நம் வீட்டில் வள்ளி, தெய்வானை என்று எத்தனை பேர் இல்லை? சினிமாப் பேர் நாலு நாளைக்கு நன்றாக இருக்கும்.

சண்முகவள்ளி


மன்னவனூர்
18-7-1958

அக்காவுக்குத் தம்பி குமாரவேல் எழுதிக்கொள்வது. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். ராத்திரியில் தூங்குகிறாள், பகலில் மட்டும் ஊரைக் கூட்டுகிறாள். உன் காலும் மச்சான் நெஞ்சும் எப்படி?

சரி, ஆவணிக்கே வா. ஆனால் பேர் பத்மரேகாதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நாலு நாள் பேர் என்று நீ எழுதியதை இவள் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு வரவில்லை.

உனக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. மேல்மலைக்காரன் எவனும் முழுப்படம் பார்த்ததில்லை அக்கா. பனி இறங்குவதற்குள் லாரி காட்டுப் பாதையைத் தாண்ட வேண்டும். இடைவேளைக்கு மணி அடித்தால் வெளியே மரியசூசை ஹாரன் அடிப்பான். போட்டது போட்டபடி ஓடிவந்து ஏறிக்கொள்வோம். மீதிக் கதையை லாரிக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பேசி முடிப்போம். அன்றைக்கு முன்சீட்டில் இருந்து இவள், 'கடைசியிலே அவ என்ன ஆவா?' என்று கேட்டாள். பிள்ளை வளர்ந்து ராஜாவாகி, 'இவதான் என்னப் பெத்த தாயி' என்று சபையில் சொல்லி, பத்மரேகா தலையிலேயே கிரீடத்தை வைக்கிறான் என்று முடித்தோம். ஊர் வந்து சேரும்வரை லாரியில் ஒரே சந்தோசம். இப்போது இங்கே பூண்டு உரிக்கிற பெண்களெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ராணிப் பேர் அக்கா, சும்மா பேரா?

தம்பி,
குமாரவேல்

மதினி, நீங்கள் சொன்னபடி பூண்டுக் குழம்பு சாப்பிடுகிறேன். பிள்ளையை நீங்கள் பார்க்க வேண்டும். — வேலுத்தாய்


பழனி
29-8-1958

கொடைக்கானல் மார்க்கெட் காய்கறிக் கடை விலாசத்தில், லாரி டிரைவர் தம்பி மரியசூசைக்கு, மன்னவனூர்க் குமாரவேலின் அக்கா சண்முகவள்ளி எழுதுவது. நீயும் உன் சம்சாரம் செல்வமேரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்நியப் பொம்பிளை கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. எங்கள் வீட்டுச் சாமானெல்லாம் உன் கையால்தானே மேலே போகிறது. உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. தம்பிக்கு எழுதினால் அதை வேலுத்தாய்தான் வாசிப்பாள். அவள் கண்ணில் படக்கூடாத சங்கதி இது.

பிள்ளைக்குப் பத்மரேகா என்று பேர் வைக்கப் போகிறார்களாம். அந்தப் படத்தை நான் இங்கே கூடாரக் கொட்டகையில் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு நடப்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. அரசபோகத்துக்கு ஆசைப்பட்டு, சேனாதிபதி பேச்சைக் கேட்டு, தான் வளர்த்த அந்தக் குழந்தைக்கே பாலில் விஷம் வைக்கிறாள் அந்தப் பாவி. பிள்ளை அவள் மடியிலேயே சாகிறது. கடைசியில் ஊரார் கல்லெறிந்து துரத்துகிறார்கள். பழனியில் ஒருத்தி காபியில் சர்க்கரை குறைத்தால்கூட, 'அடி பத்மரேகா, இதுலே என்னத்தக் கலந்தே?' என்று கேலி பேசுகிறார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் இதை எப்படித் தாங்குவாள்? நீ குமாரவேலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, வேறு பேர் வைக்கச் செய். என் வாயால் அந்தப் பேரை அந்தக் குழந்தை காதில் என்னால் சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சண்முகவள்ளி


கொடைக்கானல்
8-9-1958

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு மரியசூசை ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். சீசன் முடிந்துவிட்டதால் லாரிக்கு லோடு குறைவு.

உங்கள் லெட்டரைப் படித்தேன். அக்கா, நான் டவுன்காரன். படம் வந்த முதல் நாளே செல்வமேரியோடு முழுசாகப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு லாரியில் அந்தத் தங்கச்சி, 'கடைசியிலே அவ என்ன ஆவா?' என்று கேட்டது என்னைப் பார்த்துத்தான். முகத்தில் கண்ணீர் காயவில்லை, சிரித்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வேன்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கிரீடம் வைத்தது நான்தான். பின்னால் இருந்தவர்கள் அதற்கு மேலே யானையும் மேளமும் சேர்த்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். பொய் பொய்தான், ஆனால் பெரிய பாவம் இல்லை என்றார். பேர் வைக்கிற அளவுக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குமாரவேலிடம் சொல்ல இரண்டு தடவை வாய் எடுத்தேன். 'எங்க ராணி வந்துட்டா பாரு' என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லாரியடிக்கு வருகிறான். என்னால் முடியவில்லை அக்கா. என்னை மன்னித்துவிடுங்கள். நீங்களே ஒரு வழி பாருங்கள்.

தாழ்மையுள்ள,
மரியசூசை


மன்னவனூர்
30-9-1958

அக்காவுக்குக் குமாரவேல். நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, சுகமாகத்தான் இருப்பாய்.

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. நாள் பார்த்து எழுதினால் கடையில் கூட்டம் என்றாய். கூட்டம் இல்லாத பழனி என்றைக்கு இருந்தது? பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்து கவிழ்ந்து படுக்கிறாள். இன்னும் பேர் இல்லை. 'ஏலே, ஒங்கக்காவுக்கு ஒம் பொண்டாட்டிய ஆகாதோ?' என்று மந்தையில் வைத்துக் கேட்கிறான் வேலப்பன். நான் என்ன பதில் சொல்ல? அத்தை இருக்கும்போது வேறொருத்தி பேர் சொன்னால் அத்தை செத்துவிட்டாள் என்று அர்த்தம். உனக்கு அது சம்மதமா?

எங்கள் மேல் என்ன கோபம்? பையன் போனபோதும் நீ வரவில்லை. துக்கத்துக்கு வராதவளை நல்லதுக்காவது வா என்று கூப்பிடுகிறேன். கார்த்திகை வரைக்கும் பார்ப்பேன். வராவிட்டால் எனக்கு அக்காள் இல்லை.

குமாரவேல்

மதினி, கோபத்தில் சொன்னதை மாற்றாமல் எழுது என்றார். எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். — வேலுத்தாய்


பழனி
11-10-1958

தம்பிக்கு ஆசீர்வாதம். நீ திட்டியதெல்லாம் எனக்குத் தகும். கால் வீக்கம் வடியவில்லை, மலை ஏற முடியாது என்கிறார் வைத்தியர். பாலசமுத்திரத்துச் சின்னம்மா மகள் பாப்பம்மாளும் உனக்கு அக்காள் முறைதான். அவளை விட்டுப் பேர் சொல்லச் சொல். குழந்தைக்குப் பட்டுச்சட்டை அனுப்பியிருக்கிறேன். துணி மட்டும்தான். வேறே ஒன்றும் அனுப்பவில்லை.

சண்முகவள்ளி


மன்னவனூர்
25-10-1958

அன்புள்ள மதினிக்கு வேலுத்தாய் நமஸ்காரம். இது உங்கள் தம்பி சொல்லி எழுதுவது இல்லை. அவர் காட்டில் கிழங்கு தோண்டுகிறார். பிள்ளை தூங்குகிறாள். நான் என் சோலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கால் வீக்கம் பொய் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை விசாரிக்கவில்லை.

'வேறே ஒன்றும் அனுப்பவில்லை' என்று எழுதியிருந்தீர்களே, அதை வாசித்த பிறகு இனிமேலும் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது.

எனக்கு அந்தப் படத்தின் முடிவு தெரியும் மதினி. தைப்பூசத்துக்கு எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது, அண்ணியோடு பழனிக் கொட்டகைக்கு முதல் ஆட்டம் போனேன். மீதிக் கதையைப் பார்த்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. நான் பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முன்னால் பெஞ்சில் இருந்தீர்கள். இடைவேளையில் வந்து பேசலாம் என்றிருந்தேன், கூட்டத்தில் முடியவில்லை. அவள் பாலில் அதைக் கலந்தாளே, அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். உங்களுக்கு உடம்புக்கு என்னமோ என்று நானும் பின்னாலேயே வந்தேன். கூடாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தீர்கள். 'என் கையாலே, என் கையாலே' என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள்.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.

என் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று எழுதியதற்கு நீங்கள் லாரியில் மாந்த மாத்திரை கொடுத்தனுப்பினீர்கள். 'ஒன்றைத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடு' என்று சீட்டும் வைத்திருந்தீர்கள். உரைத்தேன். கொடுத்தேன். மறுநாள் வெள்ளனே பிள்ளை போய்விட்டான். மாத்திரை வந்தது உங்கள் தம்பிக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் காட்டில் இருந்தார். அந்தச் சீட்டை நான் அடுப்பில் போட்டேன். அதன்பிறகு இரண்டு வருசமாக நீங்களும் அதைப் பற்றி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கடிதக் கடைசியில் 'சுகம், சுகமா' என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம்.

காய்ச்சலில் போனானா, மாத்திரையில் போனானா என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துப் பூண்டியில் அதே வாரத்தில் மாத்திரை எதுவும் சாப்பிடாமலே இரண்டு பிள்ளைகள் போயின. இதை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன், சில நாள் நம்பவில்லை. ஆனால் உங்களைக் குற்றம் சொன்னதில்லை மதினி. பாலசுப்பிரமணியர் மேல் ஆணை.

அன்றைக்கு நீங்கள் போனபிறகு நான் கொட்டகைக்குள் திரும்பிப்போய் கடைசிவரை பார்த்தேன். பத்மரேகாவைக் கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள். ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆளில்லை. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் தெரிந்து செய்தாள், நாம் தெரியாமல் செய்தோம், அது வேறே, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு என்னைத்தான் அடிப்பது போலிருந்தது. அதே பெண்ணுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் லாரியில் கிரீடம் வைத்தார்களே என்று நினைத்துக்கொண்டேன். மரியசூசை அண்ணன் பொய் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அந்தப் பொய்தான் வேண்டும் மதினி. அதனால்தான் எல்லாம் தெரிந்தும் அந்தப் பேரையே கேட்கிறேன். அந்தப் பேர் உள்ள ஒருத்தி இந்த வீட்டில் நல்லபடியாக வளர வேண்டும். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்றால் வந்து நேரில் திட்டுங்கள். பேர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சரி, உங்கள் இஷ்டப்படி வள்ளி என்றே வைக்கிறேன். ஆனால் பாப்பம்மாளை அனுப்பாதீர்கள். பிள்ளை நாக்கில் உங்கள் கைதான் சர்க்கரைத் தண்ணி வைக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லப் போவதும் இல்லை.

வேலுத்தாய்


பழனி
3-11-1958

வேலுத்தாய்க்கு. சஷ்டிக் கூட்டம் முடிந்ததும் கிளம்புகிறேன். மரியசூசையிடம் லாரியில் இடம் சொல்லி வை. கம்பளி வாங்கிவிட்டேன்.

சண்முகவள்ளி


பழனி
2-12-1958

என் கண்ணு வேலுத்தாய்க்கு உன் மதினி எழுதுவது. ஊருக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். மலைக்காற்று பட்டு எனக்கும் எங்கள் வீட்டுக்காரரைப்போல இருமல் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு பேரும் மாறி மாறி இருமுகிறோம். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். தம்பிக்குக் கோபம் இறங்கியதா? வழியனுப்பும்போது லாரிப் படியைப் பிடித்துக்கொண்டு அழுதான், தடியன்.

தொட்டிலில் போட்ட அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். சர்க்கரைத் தண்ணிச் சங்கைக் கையில் வாங்கியதும் என் விரல் ஆடியது, நீ பார்த்தாய். வீரம்மாள் கிழவி, 'மலைக் குளுரு தாங்கலே போல' என்றாள். விரலைத் தண்ணியில் தொட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துப் பிள்ளை வாய்க்குக் கொண்டுபோனாய். பிள்ளை விரலைச் சப்பினாள். இழுத்தாலும் விடவில்லை. அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று ராத்திரி பூராவும் நான் தூங்கவில்லை. நீயும் தூங்கவில்லை. பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று நீ ஒரு தடவை தொட்டுப் பார்த்தாய், நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். விடிந்ததும் அவள் பசிக்கு அலறினாள் பார், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாம் இரண்டு பேரும் அடுப்படியில் கட்டிப்பிடித்து அழுதோமே, அதற்கு முன்னாலேயே அழுதிருக்க வேண்டியது. இரண்டு வருசம் வீணாய்ப் போயிற்று, என் தப்பு.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கடைக்கு வருகிற யாத்திரைக்காரர்களின் பிள்ளைகள் பஞ்சாமிர்தம் கேட்டுக் கையை நீட்டும். ருசி பார்க்க ஒரு சொட்டு வைப்பது கடை வழக்கம். உன் பையன் போனதிலிருந்து ஒரு பிள்ளைக்கும் நான் வைத்ததில்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன், இல்லாவிட்டால் உள்ளே போய்விடுவேன். அவர் காரணம் கேட்டதே இல்லை.

நேற்று காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நாலு வயசுப் பெண் ஒன்று, மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. அவர் உள்ளே டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என் முன்னால் கையை நீட்டியது. நான் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். நக்கித் தின்றுவிட்டு, சட்டையில் கையைத் துடைத்து, மறுபடியும் நீட்டியது. மறுபடியும் வைத்தேன்.

இப்படிக்கு,
பத்மரேகாவின் அத்தை
சண்முகவள்ளி